எழுந்திரு, கண்ணைத் திற, விழாதே: கேட்க முடியாதவரிடம் நாம் ஏன் கட்டளையிடுகிறோம்?

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் என் தந்தை கிணற்றடியில் வாளியோடு சரிந்து விழுந்தார். வாளி உருண்ட சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் என் தங்கை. "அப்பா, கண்ணத் தொறங்கப்பா, மூச்சு விடுங்கப்பா" என்று அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். அவளுக்கு அடுத்து வந்தவர் அம்மா. நாற்பது ஆண்டு இல்லறத்தில் அவரிடம் 'ங்க' போடாமல் ஒருமுறைகூடப் பேசியிராத அம்மா, அவருடைய தோளைப் பிடித்து உலுக்கி, "எந்திரி, எந்திரி, எந்திரி" என்றார். அப்பா எழவில்லை. அவர் நினைவு தப்பியிருந்தார் என்பதும், மூச்சு நின்றிருந்தது என்பதும் பார்த்த கணத்திலேயே இருவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் அந்த ஏவல்கள் என்ற கேள்வி எனக்குள் அப்போது எழவில்லை. பல மாதங்கள் கழித்து, ஏதோ ஒரு திரைப்படத்தில் நாயகன் தன் மடியில் கிடந்த நண்பனிடம் "கண்ண மூடாதடா" என்று கதறுவதைப் பார்த்தபோதுதான் எழுந்தது. திரையில் எத்தனையோ முறை கேட்டு, மிகை நடிப்பு என்று நான் ஒதுக்கிய வசனம் அது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒலித்ததும் ஏறக்குறைய அதே வசனம்தான்.

ஒரு கட்டளை பயன்பட வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. அதைக் கேட்கக்கூடிய ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். சொல்லப்படும் செயல் அவரால் விரும்பிச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அவர் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கக் கூடாது. பதற்றத்தில் நாம் எழுப்பும் ஏவல்கள் இந்த மூன்றில் ஒன்றையாவது மீறுகின்றன. நினைவிழந்தவரிடம் எழுந்திருக்கச் சொல்கிறோம். தொலைக்காட்சிக்குள் ஓடுகிறவரிடம் இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறோம். கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டரிடம் "கிளம்பு, கிளம்பு" என்கிறோம். பயந்து நடுங்கும் பிள்ளையிடம் பயப்படாதே என்கிறோம், பயம் அவன் விருப்பத்தின்படி வந்து போகும் ஒன்று போல. வண்டி ஓட்டுகிறவரின் கால் பிரேக்கின் மேல் அழுந்திய பிறகு, பக்கத்து இருக்கையிலிருந்து "பிரேக்கப் புடி" என்று கத்துகிறோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த இரண்டு சொற்களைச் சொல்லி முடிக்கவே முக்கால் நொடியாவது ஆகும். ஓட்டுநர் அவற்றைக் கேட்டு, பொருள் உணர்ந்து, காலை நகர்த்தும் நேரத்தையும் கூட்டினால், அந்தக் கட்டளை பிறக்கும்போதே காலாவதியாகிவிட்டது என்பது விளங்கும்.

இதைப் பாமரர் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. 1977 மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபில், மூடுபனி சூழ்ந்த லோஸ் ரோடியோஸ் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டு 583 பேர் இறந்தனர். எதிரில் கேஎல்எம் விமானம் பனியைக் கிழித்துக்கொண்டு விரைந்து வருவதைக் கண்ட பான் ஆம் விமானத்தின் துணை விமானி, பாதையை விட்டு விலகச் சொல்லி மூன்று முறை கத்தியது ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் இருந்த தலைமை விமானியோ அதே கணத்தில் இயந்திரங்களுக்கு முழு விசை கொடுத்து விமானத்தை இடப்புறப் புல்வெளிக்குத் திருப்ப முயன்றுகொண்டிருந்தார். பல ஆண்டுப் பயிற்சியும் அனுபவமும் உள்ள ஒருவர், தம் கண்ணெதிரே அதையே செய்துகொண்டிருந்த இன்னொருவரிடம் அதைச் செய்யச் சொல்லிக் கத்தினார். அவரை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. எத்தகைய பயிற்சிக்கும் அடியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதையே அந்த மூன்று கத்தல்கள் காட்டுகின்றன.

அந்த அடித்தளத்தை மருத்துவர்கள் வேறொரு வழியாக, பேச்சிழந்த நோயாளிகளிடம், முன்னரே கண்டிருந்தனர். 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா ஆராய்ந்த ஒரு நோயாளிக்கு 'டான்' என்ற ஒற்றை அசையைத் தவிர வேறெதுவும் பேச வரவில்லை. ஆனால் கோபம் மூண்டால் மட்டும் ஒரு முழு வசைத்தொடர் பிசிறில்லாமல் வெளிவந்தது. அதே நூற்றாண்டில் ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, பேச்சு என்பது ஒன்றல்ல, இரண்டு என்ற முடிவுக்கு வந்தார். யோசித்து வாக்கியம் அமைத்துக் கருத்தைச் சொல்வது ஒன்று. உணர்ச்சியின் உந்துதலில் தானாகவே வெளிப்படும் வியப்பொலி, வசை, வழக்கமான சிறு தொடர்கள் ஆகியவை இன்னொன்று. முதலாவது சிதைந்தபோதும் இரண்டாவது பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. பெரும் அதிர்ச்சியின் முதல் சில நொடிகளில், நலமாக இருக்கும் நமக்கும் இதன் சாயல் நேர்கிறது. அட்ரினலின் இரத்தத்தில் பெருகி, இதயம் விரைந்து, முன்மூளையின் நிதானமான திட்டமிடல் தளரும்போது, நீண்ட வாக்கியம் அமைக்கும் வசதி நமக்கு இல்லை. கையருகே கிடக்கும் சிறிய, பழகிய சொல்தான் வாயில் வருகிறது.

அந்தச் சொல் ஏன் ஏவல் வடிவில் வருகிறது என்பதற்கு இலக்கணமே பாதி விடை தருகிறது. தமிழில் வினையின் மிகச் சிறிய வடிவம் ஏவல்தான். நட, வா, நில், ஓடு, பிடி, எழு என்ற பகுதி எவ்வித விகுதியும் காலமும் ஏற்காமல் அப்படியே முன்னிலை ஒருமை ஏவலாக நிற்கிறது. வினைப்பகுதிகளை வகைப்படுத்த வந்த நன்னூலும் அவற்றைச் 'செய் என் ஏவல்வினைப் பகாப்பதம்' என்றே அடையாளம் காட்டுகிறது; அதாவது பகுக்க முடியாத வினைச்சொல்லுக்கு இலக்கணி கண்ட இயல்பான உருவமே ஏவலுருவம். 'அவர் எழ வேண்டும் என்று விரும்புகிறேன்' என்று சொல்ல நேரமும் மூச்சும் இல்லாதபோது மிஞ்சுவது 'எழு' என்பது மட்டுமே. மரியாதை விகுதிகூட அங்கே ஒரு சுமைதான். என் அம்மா நாற்பது ஆண்டுகள் காத்துவந்த 'ங்க' அந்த ஒரு காலையில் உதிர்ந்தது அவமரியாதையால் அன்று. சொல் தன் வேர் வரை தேய்ந்துவிட்டிருந்தது. தங்கைக்கு 'ங்க' தங்கிவிட்டது. அதற்கு என்ன காரணம் என்று நான் யோசித்திருக்கிறேன். பிள்ளைகள் தந்தையிடம் பேசக் கற்ற முதல் நாளிலேயே அந்த விகுதி சொல்லோடு ஒட்டிப் பிறந்துவிடுகிறது; மனைவிக்கோ அது திருமணத்துக்குப் பின் பழகியது.

பதறும் வாய் அதே சொல்லை ஏன் அடுக்குகிறது என்பதையும் நம் இலக்கணிகள் கவனிக்கத் தவறவில்லை. "விரைசொல் அடுக்கே மூன்று வரம்பாகும்" என்பது தொல்காப்பிய எச்சவியல் நூற்பா. விரைவில் சொல்லப்படும் சொல் மூன்று முறை வரை அடுக்கி வரும் என்று பொருள்; உரையாசிரியர்கள் காட்டும் 'தீத் தீத் தீ' என்ற எடுத்துக்காட்டில் இன்றும் அனலடிக்கிறது. நன்னூல் உரைகளோ அச்சம், அவலம், வெகுளி, உவகை, விரைவு என்று அடுக்கின் காரணங்களைப் பிரித்து, 'பாம்பு பாம்பு', 'எறி எறி' என்று உதாரணம் தருகின்றன. டெனெரிஃப் விமானியின் கத்தலும் மூன்று, அம்மாவின் 'எந்திரி'யும் மூன்று. நான் இதை ஒரு விதியின் நிரூபணமாகச் சொல்லவில்லை. ஒரு மூச்சுக்குள் அடங்கக்கூடிய அளவு ஏறக்குறைய அதுதான் என்பதைத் தெருவிலும் களத்திலும் நின்று காது கொடுத்துக் கேட்ட ஒருவர்தான் இந்த நூற்பாவை எழுதியிருக்க முடியும் என்று தோன்றுகிறது.

மீதிப் பாதி விடை உடம்பில் இருக்கிறது. கேரம் பலகையின் ஓரத்தில் சிவப்புக் காய் குழியை நோக்கி மெல்ல ஊர்ந்து போகும்போது, அடித்தவரின் தோள் காய் போகும் பக்கமே சாய்வதையும், வாய் "விழு, விழு" என்று முணுமுணுப்பதையும் பார்க்காதவர் இருக்க முடியாது. காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களின் வலது கால், எதிரே லாரி தென்பட்டதும், இல்லாத பிரேக்கைத் தேடி மிதியடியை அழுத்துவதும் அதே வகைதான். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணினித் திரையில் பந்தை இலக்கை நோக்கிச் செலுத்தும் விளையாட்டைத் தந்து, ஒரு கட்டத்துக்குமேல் கைப்பிடியின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். இனி அது வேலை செய்யாது என்று தெரிந்திருந்தும், பந்து இலக்கைத் தவறவிடப்போகிறது என்ற நிலையில் பங்கேற்றவர்களின் கைகள், பந்து எங்கே போக வேண்டும் என்று விரும்பினார்களோ அந்தப் பக்கமாகவே நகர்ந்தன. ஒன்றைக் காண்பதும் அதைச் செய்ய உந்தப்படுவதும் நம் நரம்பு மண்டலத்தில் அவ்வளவு நெருங்கியவை. கை எட்டாத இடத்தில் அந்த உந்துதலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே தசை நாக்கு. இந்த நோக்கில் பார்த்தால், பார்வையாளரின் 'ஓடு' என்ற கத்தல் ஓடுகிறவருக்கு இடப்பட்ட கட்டளை என்பதைவிட, பார்ப்பவரின் கால்களில் தொடங்கித் தொண்டையில் முடிந்த ஓர் ஓட்டம் என்பதே பொருந்தும்.

2007 செப்டம்பர் 24 மாலை, ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். நான்கு பந்துகளில் ஆறு ஓட்டங்கள் எடுத்தால் பாகிஸ்தானுக்கு வெற்றி என்ற நிலையில், ஜோகிந்தர் சர்மா வீசிய பந்தை மிஸ்பா உல் ஹக் மட்டையைச் சரித்துத் தன் முதுகுப்பக்கமாக உயரே கோரிவிட்டார். பந்து வானில் ஏறி இறங்குவதற்குள் எங்கள் தெருவின் எல்லா வீடுகளிலிருந்தும் "புடி" என்ற ஒற்றைச் சொல் எழுந்தது. ஸ்ரீசாந்த் பிடித்தார், ஐந்து ஓட்டங்களில் இந்தியா வென்றது. தொலைக்காட்சி ஒளிபரப்பு செயற்கைக்கோள் வழியாகவும் சுருக்கும் கருவிகள் வழியாகவும் நம்மை வந்தடையச் சில நொடிகள் ஆகிவிடுவதால், நாங்கள் 'புடி' என்று கத்தியபோது பந்து ஏற்கெனவே அவர் கைக்குள் இருந்திருக்கும். ஆனாலும் அன்று கத்தியவர்களில் பலருக்கு, அந்தப் பிடியில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற உணர்வு இன்றும் நெஞ்சில் இருக்கிறது. எனக்கு இருக்கிறது.

அந்த உணர்வைத்தான் உளவியலாளர் எல்லன் லாங்கர் 1975இல் ஆராய்ந்தார். ஒரு டாலர் விலையுள்ள பரிசுச்சீட்டைச் சிலர் தாங்களே தேர்ந்தெடுத்தனர். சிலருக்கு அது எடுத்துக் கொடுக்கப்பட்டது. பின்னர் அதைத் திருப்பி விற்கக் கேட்டபோது, வெறுமனே பெற்றவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள், தேர்ந்தெடுத்தவர்கள் 8.67 டாலர் கேட்டார்கள். சீட்டு விழும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றே. அதற்கு முன்பே, 1967இல், சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹென்ஸ்லின் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாடகைக் கார் ஓட்டுநர்களின் சூதாட்டத்தில் கலந்துகொண்டு, சிறிய எண் வேண்டியபோது பகடையை மெல்லவும் பெரிய எண் வேண்டியபோது ஓங்கியும் அவர்கள் வீசியதையும், பகடையோடு பேசியதையும் எழுதியிருக்கிறார். இன்னும் பின்னால் போனால், மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக்கின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கண்டது இருக்கிறது. அலையற்ற உள்கழியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை, ஏனெனில் அங்கே மீன் நிச்சயம், உயிருக்கும் ஆபத்தில்லை. திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான மந்திரச் சடங்குகள் நடந்தன. திறமை போதுமான இடத்தில் மனிதன் சொல்லை நாடுவதில்லை. கை முடிந்து அச்சம் தொடங்கும் எல்லையில்தான் சொல் எழுகிறது.

இவ்வளவும் சேர்ந்தும் ஒரு குறை எனக்கு எஞ்சியிருந்தது. கட்டளை பலிக்கும் என்று என் அம்மா நம்பியதாக நான் நினைக்கவில்லை. அங்கேதான் தமிழ் இலக்கணத்தின் இன்னொரு பாகுபாடு எனக்கு வழி காட்டியது. ஏவல் என்பதோடு வியங்கோள் என்று ஒன்றையும் நம் இலக்கணம் வைத்திருக்கிறது. ஏவல் முன்னிலைக்கு மட்டுமே உரியது. எதிரில் நின்று செய்யக்கூடியவரை நோக்கியது. வியங்கோளோ தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூவிடத்துக்கும் பொதுவானது; வாழ்த்துவதற்கும் வைவதற்கும் வேண்டுவதற்கும் விதிப்பதற்கும் பயன்படுவது. 'வாழ்க', 'ஒழிக' என்பவற்றில் வாழவோ ஒழியவோ யாரும் ஆணை பெறுவதில்லை. சொல்பவரின் விருப்பம் உலகத்தின் முன் வைக்கப்படுகிறது. பதற்றத்தில் பிறக்கும் பயனற்ற கட்டளைகள் உருவத்தில் ஏவலாகவும் பொருளில் வியங்கோளாகவும் இருக்கின்றன என்பது என் துணிபு. 'எழுந்திரு' என்று அம்மா சொன்னதன் உண்மையான பொருள் 'எழுக' என்பதே. பேச்சுவழக்கில் 'க' விகுதி ஏறக்குறைய மறைந்துவிட்டதால், வேண்டுதலுக்கும் ஏவலின் உடையையே நாம் அணிவிக்க வேண்டியிருக்கிறது. திரையரங்கில் பின்வரிசையிலிருந்து "பின்னாடி பாருடா" என்று எழும் குரலும் அப்படித்தான். கத்தியோடு நெருங்குகிறவனைத் தான் பார்க்கிறோம், நாயகன் பார்க்கவில்லை என்ற தாங்க முடியாத அறிவு, வேண்டுதலாக வாயில் வெளிப்படுகிறது.

திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வசனங்கள் தவிர்க்க முடியாதவையாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கட்டளைக்குள் செய்தி ஒளிந்திருக்கிறது. 'மூச்சு விடு' என்றால் மூச்சு இல்லை என்று பொருள். 'என்னை விட்டுப் போகாதே' என்றால் போய்க்கொண்டிருக்கிறார் என்று பொருள். நாவலாசிரியருக்கு ஒரு பத்தி தேவைப்படுவதைத் திரை ஒரு வரியில் சொல்லியாக வேண்டும், அதையும் குளிர்ந்த அறிக்கையாகச் சொல்லக் கூடாது. ஆகவே ஏவல். இதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. குறை எங்கே என்றால், திரையில் அந்தக் கட்டளை மிக அடிக்கடி நிறைவேறிவிடுகிறது. கதறல் உச்சத்தை அடைந்ததும் இமை அசைகிறது. கருவியில் நேர்கோடாக ஓடிக்கொண்டிருந்த வரி மறுபடி துள்ளுகிறது. நேர்கோடாகிவிட்ட இதயத்துக்கு மருத்துவர்கள் மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை, நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் செலுத்துவதுமே அதற்குரிய சிகிச்சை என்பது ஒருபுறம் இருக்கட்டும். 1996இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் மூன்று தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்ந்தபோது, அவற்றில் இதயம் நின்றவர்களில் 75 விழுக்காட்டினர் உடனடியாக உயிர் பிழைத்ததாகக் காட்டப்பட்டிருந்தது. மருத்துவமனைகளின் உண்மை நிலவரம் இதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. திரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஒருத்தி, தான் போதிய அளவு உரக்கக் கத்தவில்லையோ என்று பல இரவுகள் குமைந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு நான் சொன்னது இது. அவளுடைய கத்தல் அப்பாவிடம் வேலை செய்யவில்லையே தவிர, வீணாகவில்லை. 'மூச்சு' என்ற சொல் சுவரைத் தாண்டி எதிர்வீட்டு அக்காவின் காதில் விழுந்தது. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் முதலுதவி கற்றிருந்த அவர், அந்த ஒரு சொல்லிலிருந்தே நடந்ததைப் புரிந்துகொண்டு அடுப்பை அணைக்காமல்கூட ஓடி வந்தார். யாரை நோக்கிச் சொல்லப்படுகிறதோ அவரைத் தவிர மற்ற எல்லோரையும் சென்றடையும் விந்தை இந்தக் கட்டளைகளுக்கு உண்டு. கத்துகிறவருக்கும் அதில் ஏதோ கிடைக்கிறது. பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகத்தில் 2009இல் நடந்த சோதனையில், பனிக்குளிர் நீரில் கையை வைத்திருந்தவர்கள் சாதாரணச் சொல்லைத் திரும்பச் சொன்னபோது தாங்கியதைவிட, வசைச்சொல்லைச் சொன்னபோது கூடுதல் நேரம் தாங்கினார்கள். உணர்ச்சி ஏறிய சொல் உடலுக்குள் சிறிதேனும் வேலை செய்கிறது.

ஆனால் அன்றைய தெருவில் வேறொரு வகைக் கட்டளையும் ஒலித்தது. அதைப் பற்றி நான் இவ்வளவு பரிவோடு பேச முடியாது. சந்தில் கூடிய நான்கைந்து பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் "யாராச்சும் 108க்குப் போன் பண்ணுங்க" என்றார்கள். எல்லோருடைய சட்டைப் பையிலும் கைப்பேசி இருந்தது. 1968இல் ஜான் டார்லியும் பிப் லடானேயும் நியூயார்க்கில் செய்த சோதனை இந்தக் காட்சியை அப்படியே விளக்குகிறது. தனித்தனி அறைகளில் ஒலிவாங்கி வழியே உரையாடிக்கொண்டிருந்த மாணவர்களுக்கு, உரையாடலில் இருந்த ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டதுபோல் கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தத் துயர ஒலி முடிவதற்குள் உதவ எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தார்கள். 'யாராவது' என்ற சொல்லுக்கு முகம் கிடையாது. முகமில்லாத கட்டளை எல்லோர் மீதும் பட்டு யார் மீதும் நிற்காமல் வழிந்துவிடுகிறது. எதிர்வீட்டு அக்கா வந்த வேகத்தில் அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு, ஓரமாக நின்ற ஒருவரை விரல் நீட்டிக் காட்டி, "தம்பி, நீங்க 108க்குப் போடுங்க, கிணத்தடியில மூச்சில்லாம விழுந்துட்டார்னு சொல்லுங்க" என்றார். அவர் அடுத்த நொடி கைப்பேசியை எடுத்தார். அதுவரை அவரும் 'யாராச்சும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடுகளில் நாள்தோறும் நாம் இடும் எதிர்மறை ஏவல்களும் இந்தப் பிழையின் உறவுதான். மரத்தில் ஏறிய சிறுவனைப் பார்த்து "விழாதே" என்கிறோம். விழாமலிருக்க எந்தத் தசையை எப்படி இயக்குவது என்று அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை; போதாததற்கு, தமிழில் எதிர்மறை விகுதி கடைசியில் வருவதால், பிள்ளையின் காதில் முதலில் போய் விழுவது விழுதல்தான். "கிளையக் கெட்டியாப் புடி" என்பது அவனால் செய்யக்கூடிய செயல். 'பயப்படாதே' என்பதும் இத்தகையதே. டேனியல் வெக்னர் 1987இல், வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள் என்று ஐந்து நிமிடம் சிலரிடம் சொல்லி வைத்தபோது, அவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அதையே நினைத்தார்கள். பயத்துக்குப் பொத்தான் கிடையாது, மூச்சுக்கு உண்டு. "மெதுவா மூச்ச வெளிய விடு" என்று சொன்னால் அதை அஞ்சுகிறவராலும் செய்ய முடியும், அதன்வழியே இதயத் துடிப்பும் சற்று அடங்கும்.

நல்ல அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் குரல்கள் உயர்வதில்லை என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். மூத்த மருத்துவர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு செயலைச் சொல்கிறார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். முடித்ததும் முடித்தேன் என்கிறார். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை நெஞ்சை அழுத்துகிறவர் எண்ணிக்கையை உரக்கச் சொல்கிறார். 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த விமானம் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கியபோது, பணிப்பெண்கள் கடைசி நொடிகள் வரை ஒரே குரலில், தலையைக் குனிந்து அப்படியே இருங்கள் என்ற பொருள்படும் குறுந்தொடரை மந்திரம்போல் ஓதிக்கொண்டிருந்தார்கள். 155 பேரும் பிழைத்தார்கள். தண்ணீரில் விமானத்தை இறக்கிய விமானியின் திறமையே அதற்கு முதற்காரணம். ஆனால் அந்தப் பணிப்பெண்களின் கட்டளையைக் கவனித்தால், அதுவும் குறுகியதே, அடுக்கி வருவதே, பதற்றத்தில் பிறப்பதே என்பது தெரியும். அதாவது, அச்சம் நம் வாய்க்குள் திணிக்கும் அதே வடிவத்தை முன்கூட்டியே எடுத்து, செய்யக்கூடிய ஒரு செயலை அதற்குள் நிரப்பிவைத்திருக்கிறார்கள். பயிற்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பள்ளிகளில் நெஞ்சழுத்த முதலுதவியைச் சொல்லிக்கொடுப்பதோடு, கூட்டத்தில் ஒருவரைச் சுட்டி ஏவும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் அப்பா பிழைக்கவில்லை. அன்று மாலை வீட்டு வாசலில் ஊர்ப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தபோது, காலையில் கேட்ட அதே ஏவல்கள் இப்போது ராகத்தோடு திரும்பி வந்தன. எழுந்து வா, கண் முழித்துப் பார், ஒரு வார்த்தை பேசு என்று இறந்தவரை முன்னிலையாக்கிப் பாடுவதே நம் ஒப்பாரியின் இயல்பு. கேட்க முடியாதவர் என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை. வான்கூவர் நகரில் மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2020இல் வெளியான ஆய்வு, நினைவிழந்தபின், இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு வரையிலும்கூடச் சிலரது மூளை ஒலி மாற்றங்களுக்கு எதிர்வினை காட்டியதாகச் சொல்கிறது. ஒலி எட்டுகிறது என்பதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன், தலையசைத்துக்கொண்டார்.

புறநானூற்றின் 255ஆம் பாடல், வன்பரணர் பாடியது, எனக்கு இப்போது முன்பு படித்ததைப் போல் இல்லை. காட்டு வழியில் கணவன் வீழ்ந்து கிடக்கிறான். ஐயோ என்று அலறினால் புலி வருமோ என்று அவளுக்கு அச்சம். அணைத்துத் தூக்கலாம் என்றால் அவனுடைய அகன்ற மார்பை எடுக்க அவளால் இயலவில்லை. உன்னை இப்படி ஆக்கிய அறமற்ற கூற்றம் என்னைப் போலவே நடுங்குக என்று வியங்கோளில் சபிக்கிறாள். அதன்பின் அவனை நோக்கித் திரும்பி, வளை அணிந்த என் முன்கையைப் பற்றிக்கொள், மலையின் நிழலுக்குப் போய்விடலாம், "நடத்திசின் சிறிதே" என்கிறாள். உயிர் பெற்று எழு என்று அவள் கேட்கவில்லை. நிழல் வரை கொஞ்சம் நட என்று மட்டும் கேட்கிறாள். அன்று கிணற்றடியிலும் யாரும் அப்பாவிடம் பிழைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கச் சொன்னார்கள், எழச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றபிறகும், தங்கை வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி அவர் உதட்டருகே கொண்டுபோய், "ஒரு வாய் குடிங்கப்பா" என்றாள்.